கரண்டுக்குப் பாடு போட்ட வீடு

என் தம்பி வீட்டைப் பிரிக்கப் பார்க்கிறான் என்று நான் நம்பினேன். மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டின் நடுவில் நம்பினேன். நான் கூவுகிற மீன் ஏலத்தின் நடுவில் நம்பினேன். ஒருமுறை கோயிலில் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே நம்பினேன்.

ஆதாரம் என்னவென்று கேட்டால், ஒரு வயர்.

அந்த நம்பிக்கை முற்றிப்போயிருந்த ஒரு பகல் பொழுதில் நான் இருந்த கோலத்தைச் சொல்கிறேன். தம்பி ஏழுமலையின் அறையில், சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு ஓட்டை. அதற்குள் என் வலது கை முழங்கை வரை போயிருந்தது. உள்ளே சில்லென்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஏதோ ஒன்று என் நடுவிரல் மேல் ஏறி, இது என்ன இடம் என்று யோசித்துவிட்டு இறங்கிப் போனது. பல்லியா, பூரானா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

தலைக்கு மேலே மட்டப்பாவில், அதாவது மொட்டைமாடியில், ஏழுமலை நின்றிருந்தான். சுவருக்குள் இறங்கும் பழைய மண்குழாய் வழியாக அவன் தங்கூசி நரம்பு என்கிற மீன்பிடி நைலான் இழையை விடுவான். அதன் முனையில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு. குண்டு கைக்கு வந்ததும் கீழே இருப்பவர் நரம்பைப் பிடித்து ரெண்டு சுண்டு சுண்ட வேண்டும். அவன் மேல்முனையில் வயரைக் கட்டிவிடுவான். கீழே இருப்பவர் இழுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாங்கள் பேசிக்கொள்ளாத நாட்கள் அவை. சரியாகச் சொன்னால், பேசாதது நான் மட்டும்தான். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

என்னைப் பிரித்து அனுப்பப் போகிற வயரை என் கையாலேயே இழுத்துக் கொடுக்கிறேனே என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்புத் தூசியும் கொஞ்சம் காரணம்.

நாலு விளக்கும் ஒரு ரேடியோவும்

பழவேற்காட்டில் எங்கள் வீட்டை டச்சுக்காரன் வீடு என்பார்கள். டச்சுக்காரன்தான் கட்டினானா என்பது யாருக்கும் தெரியாது. கேமராவோடு வருகிறவர்களிடம் நான் “ஆமாம்” என்பேன். கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளிடம் “இருக்கலாம்” என்பேன். வீட்டு வரி விஷயமாக வருகிறவரிடம் “இடிஞ்சு போன கட்டடம் சார்” என்பேன். மூன்றும் ஓரளவு உண்மை.

ஊரைவிட்டுப் போன ஒரு வியாபாரக் குடும்பத்திடமிருந்து எங்கள் நைனா வாங்கிய வீடு இது. ஜன்னல் குழியில் ஒரு ஆள் ஏறிப் படுக்கலாம், சுவர் அவ்வளவு கனம். ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. மேலே தேக்கு உத்திரம் வரிசையாகப் போட்டு, செங்கலைக் குத்துக்குத்தாக நிறுத்திக் கட்டிய மட்டப்பா.

வாடைக் காற்று தொடங்கிவிட்டால் இந்தச் சுவர் வியர்க்கும். வியர்த்துக் காய்ந்த இடத்தில் உப்புப் பூக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். ஏன் நாக்கில் வைத்தாய் என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்ட ஆள்தான் இந்தப் பத்திரிகைத் தொடரை எழுதுகிறான் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த வீட்டுக்குக் கரண்டு வந்தது நைனா காலத்தில். சுவரில் நீளநீளமாகத் தேக்கு ரீப்பர் பட்டை அடித்து, அதன்மேல் துணி சுற்றிய வயரை ஓட்டி, ஜாணுக்கு ஒரு தகரக் கிளிப் மடக்கியிருப்பார்கள். உருண்டையாகக் கறுப்பு ஸ்விட்சு. அமுக்கினால் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி ஒரு சத்தம். நைனா கேட்டது நாலு விளக்கும் ஒரு ரேடியோவும். அதற்கு வேண்டிய அளவுக்கு வயர் போட்டார்கள்.

பிறகு மருமகள்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தியும் ஒரு மோட்டாரோடு வந்தாள். என் மனைவி சரோஜா மிக்ஸியோடு வந்தாள். ஏழுமலையின் மனைவி தேவகி கிரைண்டரோடும் வாஷிங் மிஷினோடும் வந்தாள். எளாவூரில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் தெய்வானை அக்கா, மாமா காலமான பிறகு ஒரு பிரிட்ஜோடு திரும்பி வந்தாள். கிணற்றுக்கு மோட்டார் நாங்களே போட்டுக்கொண்டோம்.

வயர் மட்டும் நாலு விளக்குக்கும் ஒரு ரேடியோவுக்கும் போட்ட அதே வயர்.

தேவகி மாவு அரைத்தால் கூடத்து லைட்டு மங்கும். அதே நேரத்தில் யாராவது தண்ணீர் மோட்டாரைப் போட்டால் பியூஸ் போகும். ஈர நாளில் ஸ்விட்சைத் தொட்டால் விரலை யாரோ கிள்ளுவது மாதிரி இருக்கும். பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பியை மாற்றி, திரும்பச் செருகுவது என் வேலை. செருகும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். கண்ணை மூடினால் ஷாக் அடிக்காது என்பது என்னுடைய விஞ்ஞானம்.

சிவப்பு மிதவை

ஏரியில் எங்களுக்குப் பாடு உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இந்த இடத்தில் இந்த நாளில் இன்னார் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதற்குப் பெயர் பாடு. உன் பாடு இல்லாத நாளில் இறால் தானாகவே துள்ளி வந்து உன் மடியில் விழுந்தாலும் நீ கரையில்தான் நிற்க வேண்டும். நிற்பார்கள். அதனால்தான் ஏரி இன்னும் எல்லோருக்கும் சோறு போடுகிறது.

ஒரு பொங்கலன்று காலை. கிரைண்டர், மிக்ஸி, மோட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடி, பியூஸ் வெடித்து, வீடே கம்மென்று ஆனது. தெய்வானை அக்கா முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கை.

“கரண்டும் ஏரி மாரிதான்டா. அல்லாரும் ஒரே நேரத்துல எறங்குனா ஒருத்தருக்கும் ஒண்ணும் கெடைக்காது. இனிமே இந்த வூட்ல கரண்டுக்கும் பாடு.”

வேறெந்த ஊரிலாவது இருந்திருந்தால் வயரை மாற்றியிருப்பார்கள். நாங்கள் மறுபேச்சுப் பேசாமல் சீட்டுக் குலுக்கினோம்.

பழைய வலையிலிருந்து ஒரு சிவப்பு மிதவையை அறுத்தெடுத்து மெயின் பாக்ஸ் பக்கத்து ஆணியில் மாட்டினாள் அக்கா. உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். அந்த மிதவை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மோட்டார் உள்ள சாமானை ஓட்டலாம். முடிந்ததும் திரும்ப ஆணியில் மாட்ட வேண்டும். அடுத்த பாடுக்காரர் எடுத்துக்கொள்வார்.

தேவகி அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். வீடு முழுக்க ஊறின அரிசி புளித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கும். வந்த விருந்தாளி ஒருவர் ஆணியில் தொங்கிய மிதவைக்குக் கும்பிடு போட்டார். நாங்கள் தடுக்கவில்லை. எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே மரியாதைதான்.

இந்தப் பாடு முறையில் ஒரு பங்கு சரோஜாவின் சின்ன மிஷினுக்கும் இருந்தது.

சரோஜாவுக்கு வீசிங் உண்டு. வாடை பிறந்தால் அவள் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவார்கள். மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடுகிற ஒரு மிஷினை வாங்கி வைத்திருந்தோம். நான் அதற்கு ஊட்டி என்று பெயர் வைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே பனிமூட்டம் வருகிறது அல்லவா? ஊட்டிக்குள்ளும் குட்டியாக ஒரு மோட்டார் இருந்தது. அக்காவின் சட்டத்தில் மோட்டார் என்றால் மோட்டார். சரோஜாவும் மிதவை வரும்வரை காத்திருப்பாள். “என்னாடி, ஊட்டி டிரெயின் லேட்டா?” என்று கேட்பேன். சிரிப்பாள்.

நான் பார்க்கும்போது சிரிப்பாள் என்று எழுதுவதுதான் சரி. மீன் ஏலம் விடுகிற தொழில் என்னுடையது. விடியும் முன்னே கரைக்குப் போய்விடுவேன். அவளுக்கு மூச்சு திணறுவதெல்லாம் விடியற்காலையில்தான்.

அண்ணாவுக்குத் தெரிய வேணாம்

போன மழைக்காலத்தில் சமையலறை ரீப்பர் புகைந்தது. நெருப்பு வரவில்லை. சுவரில் கறுப்பாக ஒரு கோடும், வீடு முழுக்க முடி கருகிய நாற்றமும் மிஞ்சின. வயரிங்கை மாற்றியே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவெடுத்தோம். எங்கள் வீட்டில் ஒரே குரலில் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

வயர்மேன் பாஷா வந்தான். ஊர்க்காரன்தான். கூலிங் கிளாஸைக் கழற்றாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

“கோயிந்தண்ணே, இந்த வயரிங்கை அவுத்து அப்டியே மியூசியத்துக்குக் குடுத்துரு. இத்தினி நாளு நீங்கல்லாம் உசிரோட கீறீங்களே, அதான் பெரிய மேட்டரு.”

“பேசாம வேலையைப் பாருடா.”

“பேசாம வேல பாக்கறதுக்கு நான் இன்னா மிஷினா?”

மறுநாள் நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏழுமலை பாஷாவிடம் பேசுவது காதில் விழுந்தது. ஏழுமலை படகு எஞ்சின் மெக்கானிக். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவன். அவன் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“பாய், இது ஒண்ணு தனி லைனு. மெயின்லேர்ந்து நேரா வரணும். தனி டிரிப்பர் போட்ரு. வூட்டு லைனோட கலக்கவே கூடாது. யாரு பாடுக்கும் காத்துகினு நிக்கக் கூடாது, இன்னா?”

“செய்யலாம்.”

“அண்ணாவுக்குத் தெரிய வேணாம்.”

முகத்தில் சோப்போடு அப்படியே நின்றேன். கண் எரிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

தனி லைன். அதற்கப்புறம் தனி மீட்டர். தனி மீட்டர் வந்தால் தனி அடுப்பு. தனி அடுப்பு வந்தால் முற்றத்துக்கு நடுவில் ஒரு சுவர். நான் முகம் கழுவி முடிப்பதற்குள் வீடு இரண்டாகிவிட்டது. மத்தியானத்துக்குள் பாகமும் பிரித்துவிட்டேன். கிணறு அவன் பக்கம் போனது, முருங்கை மரம் எனக்கு. பூனையை என்ன செய்வது என்பதில் மட்டும் தடுமாறினேன். அது சாப்பிடுவது எங்கள் பக்கம், படுப்பது அவன் பக்கம்.

அன்று மாலை ஏலத்தில் நண்டுக் கூடையை வைத்துக்கொண்டு, “ஒரு தரம், ரெண்டு தரம், தனி லைன்” என்றேன். வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். “அக்கா, ஏழுமலை பிரிஞ்சு போறான் போலக் கீது.”

அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒனக்கு வேற பொழப்பே இல்லியாடா கோயிந்து?” என்றாள். அவளும் அவன் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

பொன்னேரியில் ஒரு ஆலோசனை

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போனேன். கோர்ட்டுப் பக்கம் ஒரு வேப்பமர நிழலில் பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“என்னா விஷயம்?”

“பாகப் பிரிவினை சார்.”

“யார் யாருக்கு?”

“எனக்கும் என் தம்பிக்கும்.”

“தம்பி வரலையா?”

“அவனுக்கு இன்னும் தெரியாது சார்.”

அவர் பேனாவை மூடினார். “பிரிக்கணும்னு கேக்கறது யாரு?”

“அவன்தான்.”

“அவருக்கே தெரியாதுன்றீங்க.”

“நான் கண்டுபிடிச்சிட்டேன்றது அவனுக்குத் தெரியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “வெயில் ஜாஸ்தியா கீது. ஒரு மோர் சாப்ட்டுட்டு ஊருக்குப் போங்க” என்றார். சாப்பிட்டேன். நல்ல மோர். கறிவேப்பிலை போட்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஏழுமலையின் சின்ன வயது முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவி விட்டவள் சரோஜா. அப்போதுதான் அவள் கல்யாணமாகி வந்திருந்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவளுடைய முதல் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் அழுதவன் அவன். “பரவால்லடா, அம்மி கீது” என்று அவனைத் தேற்றிவிட்டு, அன்று பூராவும் அம்மியிலேயே அரைத்தாள். அவன் மெக்கானிக் ஆன கதை அங்கேதான் தொடங்கியது.

அந்தப் பையனா தனி அடுப்பு கேட்கிறான்?

ஜன்னல் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நடுவயது ஆள் பஸ்ஸில் அழுதால் பக்கத்து சீட்டுக்காரர் ஊரு, பேரு, நோய் எல்லாம் விசாரிப்பார்.

சுவரா, ரவையா

பாஷா வேலையைத் தொடங்கினான். சுவரை வெட்டிக் குழாயைப் புதைத்துவிடலாம் என்பது அவன் திட்டம். மிஷினை வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். சுவர் பிளக்கவில்லை. கொட்டியது. புட்டு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. பாஷாவின் தலை, மீசை, கூலிங் கிளாஸ் எல்லாம் வெள்ளை.

“யோவ், இது சொவுரா, ரவையா?”

“பாத்துடா, டச்சுக்காரன் கட்டுனது.”

“கட்டுனவன் இப்போ வந்தான்னா நானே அவனை ரெண்டு கேள்வி கேப்பேன்.”

சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாமே என்றேன். கூடவே கூடாது என்று அக்கா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உளுத்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்களாம். எனக்கு அவர்கள் சொன்னதாக நினைவிருப்பது, “அங்கிள், கொஞ்சம் நகருங்க, போட்டோவுல விழறீங்க” என்பது மட்டும்தான்.

அதனால் வெட்டுவது நின்றது. உத்திரத்தை ஒட்டியே குழாயை ஓட்டினார்கள். கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தால்கூடச் சட்டென்று தெரியவில்லை. மேலே இருந்து கீழே ஸ்விட்சுக்கு இறங்குவதற்குத்தான் வழியில்லை.

மட்டப்பாவில் படுத்துக் கிடந்தபோது ஏழுமலைதான் பார்த்தான். ஒரு காலத்தில் மழைத் தண்ணீர் இறங்குவதற்காகச் சுவருக்குள்ளேயே மண்குழாய் வைத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீருக்கு வேறு வழி வந்த பிறகு யாரோ வாயை அடைத்துப் பூசிவிட்டார்கள். தட்டிப் பார்த்து அடைப்பை உடைத்தார்கள். குழாய் நடுவில் சரிவாக இரண்டாகக் கிளைத்து, கீழே இரண்டு இடத்தில் திறந்தது. ஒன்று ஏழுமலையின் அறையில். இன்னொன்று எங்கள் அறையில்.

“என் ஐடியா எப்டி?” என்றான் பாஷா.

எங்கள் அறையில் எதற்குத் திறந்திருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் பேச வேண்டும். பேசினால் கோபம் போய்விடும். அதனால் கேட்கவில்லை.

வயர் இழுக்க பாஷா கொண்டுவந்த ஸ்பிரிங், குழாயின் வளைவில் சிக்கிக்கொண்டு போக மறுத்தது. “தள்ளு பாய்” என்று ஏழுமலை வீட்டுக்குள் போய்த் தங்கூசி நரம்பும் ஈயக்குண்டும் எடுத்து வந்தான். குண்டுக்கு வளைவு பெரிய விஷயமே இல்லை. தன் கனத்தில் தானே உருண்டு கீழே போகும்.

இந்தச் சுண்டுகிற கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் ஏரியில் வலை எங்கேயாவது மாட்டிக்கொண்டால் ஏழுமலைதான் முங்குவான். நான் படகில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பேன். ஒரு சுண்டு என்றால் விடு. ரெண்டு சுண்டு என்றால் இழு. அவன் முங்கியிருக்கும் நேரம் முழுக்க நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். பல தடவை எனக்குத்தான் முதலில் மயக்கம் வரும்.

குண்டு இறங்கியது

“கீழ யாராச்சும் புடிங்க! எறக்கறேன்!” என்று மேலே இருந்து ஏழுமலை கத்தினான்.

எந்த அறை என்று அவன் சொல்லவில்லை. நான் சொல்லாமலே தெரிந்துகொண்டவன். நேராக அவன் அறைக்குப் போய், குத்தவைத்து உட்கார்ந்து, ஓட்டைக்குள் கையை விட்டேன். தொடக்கத்தில் நீங்கள் பார்த்த கோலம்.

சுவருக்குள் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். விரலை விரித்து வைத்துக்கொண்டேன். வரட்டும். வந்து விழட்டும். அண்ணன் கையாலேயே வாங்கிக்கொள்கிறேன்.

மூன்றாவது டொக் தூரத்தில் கேட்டது. நாலாவது அதைவிடத் தூரத்தில். சத்தம் என் பக்கம் வரவில்லை. கூடத்துக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு எங்கள் அறையிலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். எவர்சில்வர் தட்டில் ஈயம் விழுகிற சத்தம்.

“ஏழுமலை! வந்துட்சி!”

சரோஜாவின் குரல்.

எழுந்து ஓடப் பார்த்தேன். கை வரவில்லை. முழங்கை மாட்டிக்கொண்டது. என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று நான் பயந்த வீடு, என் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. இழுத்தேன். ஒரு கூடைச் சுண்ணாம்பும் என் கையும் சேர்ந்து வெளியே வந்தன.

எங்கள் அறையில் கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில்தான் அந்த ஓட்டை. அதன் வாயிலிருந்து நரம்பு தொங்கியது. ஓட்டைக்குக் கீழே ஸ்டூல். ஸ்டூல் மேல் சரோஜாவின் மிஷின். குண்டு மிஷின் மேல் விழுந்துவிடக் கூடாது என்று அவள் ஒரு தட்டைப் பிடித்திருந்தாள். தட்டுக்குள் ஈயக்குண்டு.

“இன்னாடி இது?”

“ஈயக்குண்டு.”

“அது தெரியுது. இங்க எதுக்கு வருது?”

அவள் என் வெள்ளைக் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“கத்தக் கூடாது.”

“கத்தல. சொல்லு.”

“ரீப்பர் பொகைஞ்சுதுல்ல, அதுக்கு முந்தி ஒரு நாளு. நீங்க ஏலத்துக்குப் போயிட்டீங்க. விடிகாலைல எனக்கு இழுத்துக்கிச்சி. மிதவை தேவகி கையில. அவ தண்ணி மோட்டாரு போட்டிருந்தா. செரி, அவ பாடு முடியட்டும்னு ஒக்காந்திருந்தேன்.”

“ஒக்காந்திருந்தியா?”

“பாடுன்னா பாடுதானே? முடியல. அப்புறம் மிஷினைப் போட்டேன். போட்டதும் பியூஸ் பூட்ச்சி. மூச்சும் வரல, பேச்சும் வரல. தேவகி ஓடியாந்து மிதவையை என் கையில குடுத்துட்டு ஓன்னு அழுவறா. மிதவையை வச்சிகினு நான் இன்னா பண்றது? கரண்டே இல்ல.”

அவள் அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

“ஏழுமலைதான் பைக்ல ஒக்கார வச்சி, பின்னால தேவகி புடிச்சிகினு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனான். அங்க நர்ஸம்மா கேக்கறாங்க, இன்னாம்மா கையில வச்சினுகீறன்னு. அப்பத்தான் பாக்கறேன். மிதவையை விடவே இல்ல நான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நான்தான் சொல்லக் கூடாதுன்னு அல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். சொன்னா நீங்க தொழிலுக்குப் போவ மாட்டீங்க. என் மூஞ்சியவே பாத்துகினு ஒக்காந்துருவீங்க.”

“நான் ஏன் அப்டிப் பண்ணப் போறேன்?”

“எனக்குக் கால்ல மீன் முள்ளு குத்துனதுக்கு ஆம்புலன்ஸைக் கூப்ட்ட ஆளு நீங்க.”

அது உண்மை. டிரைவர் ரொம்ப நல்ல மனிதர். ஊசி வாங்கி முள்ளை எடுத்துவிட்டுத் திட்டாமல் போனார்.

“இவன் அன்னிலேர்ந்து ஒரே பிடிவாதம். அண்ணிக்கு மட்டும் பாடு இருக்கக் கூடாது, தனி லைன் போட்டே தீருவேன்னு. நீங்க என்னாடான்னா அவன்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிகினு திரியறீங்க. எதுக்குன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல.”

பொன்னேரி விஷயத்தை அவளிடம் அப்போது சொல்லவில்லை. இந்த வாரம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வாள்.

நரம்பு அசைந்தது. மேலே இருந்து ஒரு சுண்டு. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற சுண்டு.

தட்டிலிருந்து குண்டை எடுத்தேன். குளிர்ந்து கனத்தது. நரம்பை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ரெண்டு சுண்டு சுண்டினேன்.

நரம்பு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. பிறகு குழாய் வழியாக அவன் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

“ண்ணா? நீயா?”

“எப்டிடா தெரிஞ்சிது?”

“அண்ணி இப்டி வெடுக்குனு இழுக்க மாட்டாங்க.” அப்புறம் கேட்டான். “பேசறியா இப்போ?”

தமாஷாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். 

“வயரை வுடுறா” என்று மட்டும் சொன்னேன்.

விட்டான். நான் இழுத்தேன். சரோஜா பக்கத்தில் நின்று, வந்த வயரை மிஷின் மேல் படாமல் சுருட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் நரம்பு, பிறகு முடிச்சு, பிறகு சிவப்பு, கறுப்பு, பச்சை. பச்சை எர்த்து என்று மெயின் பாக்ஸ் பக்கத்திலிருந்து பாஷா கத்தினான். யாரும் கேட்காமலே கத்தினான்.

வயரிங் வேலை பொங்கலுக்கு முன்னால் முடிந்தது. வீடு பிரியவில்லை. பழைய பழக்கத்தில் தேவகி இன்னும் மிதவையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் கிரைண்டரைப் போடுகிறாள்.

தம்பி கேட்ட தனி லைன், சரோஜாவின் தலைமாட்டில் இருக்கிற ஒரே ஒரு பிளக்குக்குப் போகிறது. அதற்குப் பாடு கிடையாது.